இறால் பெட்டி

நாலே நாலு கேட்டால்
தாஜுதீன் கடையில் கத்தரியால் வெட்டித் தருவார்கள்.
மருந்தின் பேரில் பாதி என்னோடு வரும்.
தேதி கடையிலேயே தங்கிவிடும்.

அப்படிப் பாதிப் பேரோடு வந்தவை,
முழுப் பேரோடு வந்து மூன்றாம் நாளே
"இப்பத் தேவலை" என்று எமரிட் ஒதுக்கியவை,
ஷார்ஜாவிலிருந்து என் தம்பி
வலிக்கு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்பியவை,
மூடி திறக்காத கண் சொட்டு,
கெட்டியாகிப்போன இருமல் தண்ணி
எல்லாம் இறால் கம்பெனியின் தெர்மாகோல் பெட்டியில்.
எத்தனை தடவை கழுவினாலும்
மாத்திரையை நாக்கில் வைத்தால்
லேசாக இறால் வாசம்.

எதையும் எறிந்து பழக்கமில்லை எங்களுக்கு.
விலை போகாத மீன் உப்புக்குள் போகும்.
உப்புக்கும் ஆகாதது கோழித்தீவன லாரியில் ஏறும்.
காய்ச்சல் போனபின் மிஞ்சிய இரண்டு மாத்திரை
எந்த லாரியில் ஏறும்?

பிறகு, தடைக்காலம் இருக்கிறது.
அறுபத்தோரு நாள் படகு கரையில்.
கையில் காசிருக்கும் மாசியிலேயே
வைகாசியின் தலைவலியை வாங்கி வைத்துவிடுவேன்.

பாலமும் இருக்கிறது.
பாம்பனில் கூண்டு ஏற்றிய ஒரு ராத்திரி
காற்றுக்குப் பயந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.
ஜெனோபாவுக்கு அப்போது இரண்டு வயசு. மூச்சு இழுத்தது.
அக்காள்மடத்திலிருந்து யாரோ ஒருவர்
போன வருஷத்து இழுப்பு மருந்து
அரைப் புட்டி கொண்டுவந்து தந்தார்.
பிழைத்தாள்.
மருந்தாலா, விடிந்ததாலா, தெரியாது.
அன்றிலிருந்து அரைப் புட்டி எதுவும்
என் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை.

இந்த ஆவணியில்
வின்ச் பக்கம் நின்ற எமரிட்
தலைசுற்றி வலைமேல் விழுந்தார்.
ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.
மூன்றாவது தடவை டிரைவர் கையைப் பிடித்திருக்காவிட்டால்
நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின்
"சாப்பிடுற எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார்.
மறுநாள் பெட்டியோடு போனேன்.
பஸ்ஸில் ஒருவர் இறால் என்ன விலை என்று கேட்டார்.

மேசையில் கொட்டியதும்
டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மூன்றைத் தனியே நகர்த்தினார்:
வீடு தேடி வந்து நர்ஸ் தருகிற வெள்ளை,
தனியார் கிளினிக்கின் ரோஸ்,
கோயில் முகாமில் கிடைத்த நீள்வட்டம்.
"மூணும் ஒண்ணுதாம்மா. பேருதான் வேற."

மூன்று பேர் தனித்தனியாக அக்கறைப்பட்டு
ஒரே சர்க்கரையை மூன்று முறை இறக்கியிருக்கிறார்கள்.
நான்தான் தினமும் விடியுமுன்
மூன்றையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
ஒன்றை மறந்து போன நாளில்
ஜெட்டி வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.
மீதியை?
மண்ணில் புதைத்தால் ஆடு தோண்டும்.
"கடல்ல போட்டா சீலாவுக்குச் சுகர் இறங்கிரும்" என்றார் எமரிட்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
டாக்டர் மூலையில் ஒரு வாளியைக் காட்டினார்.
கொட்டினேன். வாளி ரொம்ப நேரம் சத்தம் போட்டது.

திரும்புகையில் பாலத்தின் நடுவே
வடக்கே மேகம் கறுத்திருந்தது.
வெறும் பெட்டியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லிசியாள்:
"அக்கா, பல்லுவலிக்கு ஏதாச்சும் இருக்கா?"
"ஒண்ணுமில்ல."
இந்தப் பதிலை அவள் என்னிடம் கேட்டதே இல்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அவள் போனபின் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
தெர்மாகோல் பிய்ந்த ஒரு குழியில்
மஞ்சளாய் ஒன்று ஒட்டியிருந்தது.
எதற்கென்று தெரியாது.
யாருக்கு வாங்கியதென்றும் தெரியாது.

இன்னும் எறியவில்லை.